கஞ்சா மானியமும் மூன்றாம் ஓலையும்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. சயான் ரோடெல்லாம் தண்ணீர். காட்கோபர் நாத்தனார் வீட்டுக்குப் போகாமலிருக்க நல்ல சாக்கு.

மாநகராட்சி வார்டு ஆபீஸிலிருந்து போன். போதைத் தடுப்பு மானியத்தின் கடைசிச் சுற்றில் எங்கள் டிரஸ்டின் தாராவி சென்டரும் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை கமிட்டி நேரில் வருகிறது. டைரக்டர் மணி சார் மாட்டுங்காவிலிருந்து டாக்ஸியில் ஓடி வந்தார், நெற்றி விபூதி காய்வதற்குள். விண்ணப்பம் அவர் எழுதியது. எழுதியது என்ன, கனடாவில் இருக்கும் மருமான் அனுப்பியதைப் பார்த்து இறக்கியது. அங்கே கஞ்சாவைச் சட்டப்படி விற்கிறார்களாம். அதனால் வரும் தொல்லைகளைச் சமாளிக்க ஊர் நிர்வாகங்களுக்கு அரசாங்கமே பணம் தருமாம். "உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகள் பள்ளிக்கூடம் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வோம்" என்று ஒரு வரி அப்படியே வந்திருந்தது. தாராவியில் எவனிடம் உரிமம்? நல்லவேளை, அனுப்புமுன் நான் பார்த்து எடுத்தேன்.

"நாளைக்கு இங்கேயும் லீகல் ஆயிடுத்துன்னா நாம ரெடியா இருக்கணும் ரோஸி."

"ஆகட்டும் சார். இன்னைக்கு கக்கூஸ்ல பல்ப் எரியல."

சிக்கல் என்னவென்றால், இப்போது பழக்கத்தில் இருந்துகொண்டு எங்களிடம் கவுன்சலிங் வருகிற ஒருவனைக் கமிட்டி பார்த்துப் பேச வேண்டுமாம். அப்படி ஒருவனும் இல்லை. இழுக்கிறவன் எவன் கவுன்சலிங் வருவான்? டீ குடிக்க வருவான், சாயங்காலம் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போவான்.

முழங்கால் வலி.

ஜூலை 9, புதன்

ஜெபராஜை வரச் சொன்னேன். லேபர் கேம்ப் பையன், லெதர் பேக் பட்டறையில் கட்டிங். ஒரு காலத்தில் கஞ்சாவிலேயே கிடந்தவன். விட்டு இரண்டு வருஷம். டிரஸ்ட் இத்தனை நாளில் திருத்திய ஒரே ஆள். அதுவும் திருத்தியது நாங்களா, ஸ்டெல்லாவா என்றால் ஸ்டெல்லாதான். அவளோடு கல்யாணம் நிச்சயமாகி, போன ஞாயிறு எங்கள் சபையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஆட்சேபம் இருக்கிறவர்கள் சொல்லலாம். சொல்லவில்லை என்றால் தாலி.

ஸ்டெல்லாவின் அப்பா போட்ட நிபந்தனை இரண்டு. கஞ்சாவை இனித் தொடக்கூடாது. நிரந்தர வேலை வேண்டும். மானியம் வந்தால் அவனுக்கு ஃபீல்டு வொர்க்கர் வேலை என்று மணி சார் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், இன்னும் இழுக்கிறவன் மாதிரி இருந்தா போதும்."

"வேண்டாம்க்கா. ஓலை வாசிக்கிற நேரம். யாராவது பாத்தா?"

"மராட்டிக்கார ஆபீசருங்கல்லா வாராங்க. நம்ம சபைக்காரன் எவன் பாக்கப் போறான்?"

"மாமாகிட்ட வேதப்புஸ்தகத்துல கைய வச்சுச் சொல்லிருக்கேன், தொட மாட்டேன்னு."

"தொடவா சொல்லுதேன்? மானியம் வந்தாத்தான் ஒனக்கு வேலை. வேலை இருந்தாத்தான் பொண்ணு. யோசிச்சுக்கோ."

யோசித்தான். பாவம், அதற்கும் அவனுக்கு நேரம் பிடிக்கிறது. கடைசியில் தலையாட்டினான். ஷேவ் பண்ணாதே என்று சொல்லி அனுப்பினேன்.

வரும் வழியில் மத்தி வாங்கினேன். பாதி அழுகல்.

ஜூலை 11, வெள்ளி

கமிட்டி வந்து போயிற்று. அப்பாடா.

பெரிய மேடம், இரண்டு கிளார்க், மேடத்துக்குக் குடை பிடிக்க வார்டு ஆபீஸ் முக்காதம் ஒருவர். துப்புரவு ஆட்களை மேய்க்கிறவர், இன்று குடை டியூட்டி. ஜெ. மூலையில் உட்கார்ந்திருந்தான். சொல்லிக்கொடுத்ததை விட நன்றாகச் செய்தான். விரல் நடுங்கியது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மேடம் மராட்டியில் "விட ஆசையில்லையா?" என்று கேட்டதும் அழுதுவிட்டான். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் கிளார்க்கின் முகத்தைப் பார்த்தேன், எழுதிக்கொள்கிறானா என்று. எழுதினான்.

முக்காதம் தமிழ் ஆளாம். படியில் வைத்து என்னிடம், "பையன் நம்ம பக்கமா?"

"ஆமா. என்ன செய்ய, கெட்டுப் போயிட்டான்."

ஜெ. போகும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு போனான். பெரிய நடிகர் என்று நினைப்பு.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிரசங்கம் நீளம். எனக்கு முன்வரிசையில் ஜெ., புதுச் சட்டை, ஸ்டெல்லாவின் தம்பிக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு. பார்த்தால் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கிறான்.

வீட்டில் இவர் குறட்டை. மதியமே.

ஜூலை 18, வெள்ளி

மானியம் கிடைத்துவிட்டது. வாய்மொழியாகத்தான். 24ஆம் தேதி கமிட்டி இன்னொரு தடவை வந்து அதே பையனைப் பார்த்த பிறகு காகிதம் வரும். மணி சார் பால்கோவா கொண்டுவந்தார், எறும்போடு. சென்டரை மூடுவது பற்றி ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தவர், இன்று ஏ.சி. பற்றிப் பேசுகிறார். எனக்கும் வேலை தப்பித்தது. ராத்திரி வழக்கம்போல லோக்கல் ரயில் சீட்டில் அல்ல, ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப்போனேன்.

ஜூலை 20, ஞாயிறு

மூன்றாம் ஓலை.

இந்த ஞாயிறு ஸ்டெல்லாவின் தாய்மாமா காட்கோபரிலிருந்து வந்திருந்தார். வேறு சபைக்காரர், நிச்சயத்துக்குக்கூட வராதவர். யாரென்று திரும்பிப் பார்த்தால், அன்று மேடத்துக்குக் குடை பிடித்த அதே முக்காதம்.

ஜெ. முகம் வெளுத்துப்போயிற்று. ஆராதனை முடிந்ததும் மனிதர் நேராகப் போதகரிடம் போனார். பத்து நிமிஷத்தில் பின்னறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா, அவள் அப்பா, முக்காதம், ஜெ.

"இவன என் கண்ணால பாத்தேன் பாஸ்டர். கை நடுங்கிட்டு உக்காந்திருந்தான். கெட்டுப் போயிட்டான்னு இந்த அம்மாதான் சொன்னாவ."

"அது நடிப்பு மாமா. அக்காதான் செய்யச் சொன்னாங்க. அக்கா, சொல்லுங்கக்கா."

போதகர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க ரோஸி. நடிப்புன்னா நடிப்புன்னு சொல்லுங்க, கல்யாணத்த நானே நடத்தி வைக்கேன்."

நடிப்பு என்று சொன்னால் நாளைக் காலை முக்காதம் வாயிலாக அது வார்டு ஆபீஸுக்குப் போய்விடும். மானியம் போகும், சென்டர் போகும், நான் போவேன். இந்த வயதில் எனக்கு எவன் வேலை தருவான்? எனக்கும் வாடகை உண்டு.

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். தமிழ் அவளுக்கு அவ்வளவு வராது. "தீதீ, ஸச் போல் தோ. பஸ் ஸச்."

உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்கிறாள். அவள் கை சில்லென்று இருந்தது. நான் என் கையை எடுத்துக்கொண்டேன்.

"எங்க சென்டர்ல சிகிச்சையில இருக்கான் பாஸ்டர். விடப் பாக்கான். இன்னும் முடியல."

ஜெ. கத்தவில்லை. கத்துவான் என்று நினைத்தேன். "அக்கா" என்றான், அவ்வளவுதான். ஸ்டெல்லாவின் அப்பா எழுந்து மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்த்தது அவனை அல்ல, என்னை.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன், அதை நினைத்தால்தான் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

மணி சாரிடம் சொன்னேன். "அடப் பாவமே" என்றார். காபி குடித்தார். பிறகு, "அப்போ அந்த ஃபீல்டு வொர்க்கர் போஸ்ட்? சிகிச்சைல இருக்கறவனை ஸ்டாஃபா போட முடியாதே. ரூல் இருக்கு. என் மச்சினர் பையன் சும்மாத்தான் இருக்கான்."

சரி என்றேன். அந்தப் பையனும் இழுக்கிறவன்தான், செம்பூரில் எல்லோருக்கும் தெரியும்.

மழை குறைந்திருக்கிறது. துணி காயவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் ஆபீஸ் திறக்கப் போனால் படியில் ஜெபராஜ். பட்டறைக்குப் போகவில்லை. கண் சிவந்து, வாய் உலர்ந்து, என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். பக்கத்தில் போனதும் வாடை. இரண்டு வருஷம் கழித்து, நிஜமான வாடை.

"கவுன்சலிங்குக்கு வந்திருக்கேன்க்கா."

உள்ளே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். நாளை மறுநாள் கமிட்டி வருகிறதே என்பது ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு இப்படியே வா என்று சொன்னேன்.