வேலன் அண்ணன் வந்தால் தக்காளியைப் பொரித்துக் கொடுங்கள்

நேற்றுக் கூடை சுமந்ததில் இடுப்பு இன்னும் நிமிரவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் போட மாட்டார்கள், போகிறேன். உங்களை எழுப்பவில்லை. எழுப்பினாலும் என்னோடு பேசப் போவதில்லை.

மத்தியானம் வேலன் அண்ணன் வருகிறார். சிலோனிலிருந்து வந்து எட்டு நாள்தான் ஆகிறது, வெறும் சோறு வைக்காதீர்கள். நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த தக்காளியை எல்லாம் காயாகவே பறித்து முறத்தில் வைத்திருக்கிறேன். இனிப் பழுக்காது. சிலோனில், அட்டனில் விதைக்கிற மாசத்திலேயே இங்கேயும் விதைத்தது என் புத்தி. மழை பிடித்துக்கொண்டது. "காயத் திங்கவா கப்பலேறுனோம்?" என்று நீங்கள் கேட்டது சரிதான்.

விரல் கனத்துக்கு வட்டமாக அரிந்து உப்புப் போட்டு வையுங்கள். தண்ணீர் விட்டதும் துணியால் ஒற்றி, மிளகாய்த்தூள் கலந்த அரிசி மாவில் புரட்டுங்கள். எண்ணெய் நன்றாகக் காயட்டும். நாலு நாலாகப் போட்டால்தான் மொறுமொறுப்பாக வரும். மூடாதீர்கள், நமுத்துவிடும்.

"அம்மாவ ஏம்பா விட்டுட்டு வந்தீங்க?" என்று அண்ணன் கேட்பார். தலை குனிய வேண்டாம். மாமிக்குப் பிறந்த சீட்டு இல்லை, சேர்த்துப் போட்டால் இந்தியாவுக்கு வருகிற நம் மனுவும் நின்றுவிடும், தனியாகப் போடுவோம் என்று சொன்னவள் நான். என் பேரைச் சொல்லுங்கள்.

ஆண்டாயி

எனக்கு எடுத்து வைக்க வேண்டாம். மாமிக்குக் கண் தெரிகிறதா என்று மட்டும் அண்ணனிடம் கேளுங்கள்.

அட்டன் ஸ்டேஷனில், "ஆறு மாசத்துல கூப்பிட்டுக்கிறோம் மாமி" என்று அவர் கையில் அடித்துச் சொன்னேன். நாலு வருசமாகிறது. அந்த வாக்கு இன்னும் என் கடனாகவே நிற்கிறது.