குளத்தடிக் காணியும் என் சீவிய உரித்தும்

கல்முனைக்குடி
மே 21, வியாழன், அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் சிபானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நடமாடித் திரிகிறோம், வாப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு நித்திரை இல்லை, மற்றப்படி குறையில்லை. நீயும் மருமகன் றஸ்மியும் பிள்ளைகளும் மெல்போர்ன் குளிரில் சுகமாக இருக்க ரஹ்மானாகிய இறைவன் துணை நிற்பானாக. தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒன்று தொடங்கினால் நீ நாலு கேள்வி கேட்பாய், மருமகன் பக்கத்தில் இருப்பார், நான் கதையை மீன் விலைக்கு மாற்றிவிடுவேன். மூன்று மாதமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறேன். பக்கத்து வீட்டு ஸம்றா சனிக்கிழமை உங்கள் ஊருக்குப் பயணம் போகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியே இருந்து வாசி.

உனக்குச் சீதனமாகத் தந்த இறக்காமத்துக் குளத்தடிக் காணியின் உறுதிப் பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி நீ கேட்கும்போதெல்லாம் தேடுகிறேன், கிடைக்கவில்லை என்றேன். பொய், மகள். உறுதி என் அலுமாரியில் பெருநாள் சாரிக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த மூன்று ஏக்கரையும் யானைகள் போய்வர விட்டுவிடுகிறேன், மெல்போர்னில் உள்ள ஒரு வனவிலங்குச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன், எங்கள் வருமான வரியிலும் கழிவு கிடைக்கும், வரி வருசம் முடியும் ஜூன் முப்பதுக்குள் கடதாசி வேண்டும் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தரம் எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றும் இல்லை.

போன திங்கள் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு சட்டத்தரணி தக்சாயினியிடம் போனேன். உன்னோடு படித்தவள்தான், நல்ல கெட்டிக்காரி, காசு வாங்குவதிலும் கெட்டிக்காரி. நீ அனுப்பிய கடதாசிகளை வாசித்துவிட்டுச் சொன்னாள், வெளிநாட்டுச் சங்கத்தின் பெயருக்கு இந்த நாட்டுக் காணியை மாற்ற இங்குள்ள சட்டம் லேசில் விடாதாம். இங்கே பதிந்த ஒரு சங்கத்துக்குக் கொடுக்கலாமாம், ஆனால் இங்குள்ள சங்கத்துக்குக் கொடுத்ததைக் காட்டி அங்கே வரிக் கழிவு கேட்டால் அனேகமாகக் கிடைக்காதாம். அதைவிட, காணியைச் சும்மா கொடுத்தாலும் விற்றதுபோலப் பெறுமதி போட்டு உன்னிடமே அங்கே வரி கேட்கவும் கூடுமாம், அது தனக்குத் தெரியாத சட்டம், அங்குள்ள கணக்காளரிடம் கேட்கச் சொல் என்றாள். கொடுக்கிறவளிடமும் வரியா என்று கேட்டேன், சிரித்தாள். நீ அந்த நாட்டுப் பிரசை ஆகிவிட்டாய், காணி அரசாங்கத்துக்குப் போய்விடும் என்று ஊரில் சிலர் பயம் காட்டினார்களே, அது வீண் கதையாம், உன் பெயருக்கு முன்பே எழுதியது உன்னுடையதுதானாம். நீ வராமல் கையெழுத்து வைப்பதென்றால் உனக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அற்றோணிப் பத்திரம் எழுதி அங்குள்ள நமது தூதுவராலயத்தில் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டுமாம்.

இவ்வளவையும் நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள் உறுதியைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துக் கேட்டாள், “மாமி, இது சிபானாவுக்குத் தெரியுமா?”

தெரியாது. யாருக்கும் தெரியாது. உன் கல்யாணப் பேச்சில், பள்ளி மரைக்கார்மாரும் உன் மாமியாரும் இருந்த சபையில், வீடும் குளத்தடிக் காணியும் மகளுக்கு முழுசாகக் கொடுத்தோம் என்று சொன்னோம். நம் ஊரில் அப்படித்தானே, சீதனம் சபையில் வாயால் சொன்னால் போதும், மாப்பிள்ளை வீட்டார் உறுதியை வாங்கி வாசித்தால் அது மரியாதைக் குறைவு. அந்த மரியாதையில் நான் ஒளித்துக்கொண்டேன். வீட்டை முழுசாகத்தான் எழுதினேன். காணியில் மட்டும், நான் உயிரோடு இருக்கும்வரை அனுபவ உரிமை எனக்கே என்று சீவிய உரித்தை வைத்துக்கொண்டேன். என் கையெழுத்து இல்லாமல் அந்த வயலை நீ யாருக்கும் கையளிக்க முடியாது. பக்கத்துத் தெரு உம்மு ராத்தா எல்லாவற்றையும் மகளுக்கு எழுதிவிட்டு, மருமகன் வயலையும் விற்றபின் சோற்றுக்குக் கூடக் குரல் தாழ்த்திக் கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். உன்னை நம்பாமல் இல்லை. இல்லை, அதுவும் பொய், அன்றைக்கு யாரையும் நம்பவில்லை. பதினொரு வருசமாக உன் மாமியார் முகத்தை நேரே பார்த்துப் பேசியதில்லை.

திரும்பி வந்து வீட்டுப் படியில் ஏறும்போது வாப்பா சொன்னார், “ஒளிச்சது நீ, நீயே சொல்லு.”

செவ்வாய்க்கிழமை தனியே பஸ் ஏறி இறக்காமம் போனேன். காணியைக் குத்தகைக்குச் செய்கிற வரிப்பத்தான்சேனை ஸஹீதிடம் உன் எண்ணத்தைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “சாச்சி, யானை உறுதி வாசிச்சிட்டா வரும்? உங்கட காணியில நிண்டுட்டு எண்ட வயலுக்கு வராதா?” என்று கேட்டான். அவனுடைய சொந்த இரண்டு ஏக்கர் நமக்கு அடுத்த வரம்பு என்பதை நீ மறந்திருப்பாய். நீயும் உன் சங்கமும் பார்த்த படத்தில் யானை இருந்திருக்கும், ஸஹீத் இருந்திருக்க மாட்டான். பிறகு வரம்பால் நடந்து காட்டினான். குளக்கட்டை ஒட்டிய மேல் ஒன்றரை ஏக்கர் மூன்று மாரிப் போகமாக மிதிபட்டுத்தான் போகிறதாம், அங்கே விதைத்துவிட்டு வெடி கொளுத்திக் காவல் இருப்பதில் உயிர்தான் மிச்சமாம். அதை விதைக்காமல் விட்டால் காவல் இருக்கும் வாடிக் குடிசையைக் கீழே இறக்கி, மிச்சத்தையும் தன் வயலையும் ஒரே வேலியில் காத்துக்கொள்வேன் என்றான். நான் அந்தக் கட்டில் நின்று யோசித்தேன். அனுபவம் என்னுடையது என்று நான்தானே எழுதி வைத்திருக்கிறேன், அப்படியென்றால் விதைப்பதும் விடுவதும் என் இஷ்டம்தானே. தக்சாயினிக்குப் போன் எடுத்துக் கேட்டேன், ஓம் மாமி, அதற்கு ஒருவருடைய அனுமதியும் வேண்டாம் என்றாள்.

ஆகவே வரும் மாரியிலிருந்து மேல் ஒன்றரை ஏக்கர் யானைக்கு. குத்தகையைப் பாதியாக்கிவிட்டேன், வேலிக்கம்பி என் செலவு. உனக்கு ஒரு சதம் வரி குறையாது, சங்கத்தாரின் நன்கொடைப் பலகையில் உன் பெயரும் வராது, அதற்கு என்னைக் கோபித்துக்கொள். முழுக் காணியும் வேண்டுமென்று நிற்காதே, ஸஹீதுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜூன் முப்பது என்று ஓடி ஒன்றிலும் கையெழுத்து வைத்துவிடாதே, வைத்திருந்தால் உடனே சொல். மருமகனிடம் இதை நீயே சொல், ஒளிக்காதே. உன் மாமியாரிடம் நான் போகிறேன். அடுத்த கிழமை ஹஜ்ஜுப் பெருநாள், இறைச்சிப் பங்கை எடுத்துக்கொண்டு நானே போய்ச் சொல்வேன், வாசலில் நிற்க வைத்தாலும் சொல்வேன்.

ஸம்றாவிடம் கருவாடும் மஸ்கட் இனிப்பும் கொடுத்திருக்கிறேன், கருவாட்டை வெயிலில் ஒருதரம் காயவிடு. பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க மறக்காதே. உன் ஈமானிலும் உண்ணும் ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, நல்லது செய்ய நினைத்த உன் மனதுக்கு அவனே கூலி தருவானாக. எந்தக் கடிதத்திலும் உனக்குத்தான் நீண்ட ஆயுளைக் கேட்பேன். இந்தத் தடவை நீ எனக்குக் கேள் மகள், நான் மூச்சு விடும்வரைக்கும்தான் அந்த மேல் வயல் யானைகளுக்கு. அதற்குப் பிறகு அது முழுக்க உன்னுடையது, அப்போது ஸஹீதிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்.

இப்படிக்கு,
உன்னிடம் ஒளித்ததற்கு மன்னிப்புக் கேட்கும் உம்மா,
ஸகியா அபுல் ஹஸன்