பூசை விடுமுறையில் மேல்மாடி மெஷினை நிறுத்தாதிருக்கக் கோருதல்

அனுப்புநர்
வெ. முருகானந்தம்,
செயலாளர், கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் குழு,
அம்மா மண்டபம் சாலை,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்கள் பராமரிப்பு அலுவலகம்,
ஸ்ரீரங்கம்.

பொருள்: ஆயுத பூசை விடுமுறைக்காக இன்று மாலை மின் இணைப்பைத் துண்டிப்பது – மேல்மாடி அறைக்கு மட்டும் செவ்வாய் மாலை வரை விலக்குக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை, நாள் 12.10.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இன்று வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எலெக்ட்ரீசியன் வீரமலை எங்கள் கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்கி, மேல்மாடி அறையைப் பூட்டி அரக்கு முத்திரை வைக்க இருக்கிறார். இனிப் புதன்கிழமை காலைதான் திறப்பு. அதற்கு முன் தாங்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்பதால் முகவுரையைச் சுருக்கிக்கொள்கிறேன். என்னைச் சுருக்கச் சொல்லி இதுவரை வென்றவர் யாரும் இல்லை. இன்று கடிகாரம் வென்றுவிட்டது.

1. அடியேன் தொழில் கல்யாணங்களுக்கு அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை வாடகைக்கு விடுவது. சாயங்காலங்களில் நகைச்சுவை மன்றத்தில் பேசுவதும் உண்டு. சிரித்ததாகச் சாட்சி சொல்ல யாரும் முன்வந்ததில்லை. கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரிந்தது, அதன் மேல் டீ டம்ளர் வைக்கக் கூடாது என்பது மட்டும். இருந்தும் செயலாளர் ஆனது எப்படி என்றால், நன்கொடையாக வந்த மெஷினை ஏற்றி வர என்னிடம் குட்டியானை லோடு வண்டி இருந்தது. இறக்கியவனே பதவியையும் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

2. மெஷின் என்று நான் சொல்வது ஒரு சர்வர், அதாவது இணையம் வழியே பலருக்கும் பயன்பட ராப்பகலாக ஓடும் கம்ப்யூட்டர். எழுதியவர்கள் பூட்டுப் போடாமல், விலை வைக்காமல் பொதுவில் விட்ட மென்பொருள்கள் அதில் குடியிருக்கின்றன. மென்பொருள் இலவசம். ஆனால் அது குடியிருக்க மெஷின் வேண்டும். மெஷினுக்கு இடம், கரண்ட், இணையம், குளிர்ச்சி எல்லாம் வேண்டும். மெஷினைக் கொடுத்தது திருச்சிக் கிளையை மூடிவிட்டுப் போன ஒரு கம்பெனி. இணையம் கேபிள் டி.வி. ஆரிஃப் பாய் உபயம். ஏ.சி. ஒரு மண்டபத்தின் மணமகள் அறையிலிருந்து வந்தது. மாட்டிய புதிதில் ஒரு மாதம் சர்வர் அறை முழுக்க ஜவ்வாது வாசனை. இடமும் கரண்டும் தங்களுக்கு முன்பிருந்த தனி அலுவலர் ஒதுக்கித் தந்தவை. மெஷினைப் பராமரிப்பது கைலாசபுரம் பவித்ரா. தன் வேலை முடிந்த பிறகு வந்து, சம்பளமின்றிப் பார்க்கிறார். மேலே நாங்கள் ரகசியமாகப் பிட்காயின் காய்ச்சுவதாகக் கீழ்த்தளத் தையல் வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் நான் ஏன் இன்னும் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறேன் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

3. அந்த மெஷினில் உள்ள மென்பொருள்களில் ஒன்று பார்வையற்றவர்களுக்கானது. அச்சிட்ட பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பினால், மெஷின் அதிலுள்ள தமிழை அடையாளம் கண்டு, குரலில் வாசித்துத் திருப்பி அனுப்பும். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. யார் எதைப் படிக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை என்பது குழுவின் விதி. ஊர் வம்பில் பெயர் வாங்கிய எனக்கு இவ்விதி எத்தனை கஷ்டம் என்பதைத் தாங்களே ஊகிக்கலாம்.

4. சுற்றறிக்கையின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. சென்ற ஆண்டு வேறொரு கட்டடத்தில் பூசை விளக்கை அணைக்காமல் பூட்டிவிட்டுப் போய், திரைச்சீலையும் இரண்டு பீரோவும் கருகிப்போயின. பீரோக்களுக்குள் என்ன இருந்தது என்பது பற்றியும் ஊரில் பேச்சு உண்டு. அது இம்மனுவுக்குச் சம்பந்தமில்லாதது. நேற்று தங்கள் அலுவலகத்துக்கு வந்து முறையிட்டபோது எழுத்தர் கேட்டார்: "எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சு ஓய்வு குடுக்கறதுதானே சார் ஆயுத பூசை? உங்களுது மட்டும் என்ன உசத்தி? நாலு நாள்தானே." நியாயமான கேள்வி. என் கடை அண்டாக்களும் அன்று பொட்டு வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்கும். எனினும் இந்த மெஷினை ஏன் படுக்க வைக்கக் கூடாது என்பதற்குச் சென்ற ஆண்டு நடந்ததே சான்று.

5. சென்ற ஆண்டு பூசையன்று கட்டடக் காவலர் செல்லக்கிளி மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, கதம்பம் சாத்தி, சுவிட்சையும் அணைத்துவிட்டார். "பாவம், ராப்பகலா ஓடுது. அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாமாங்க?" என்பது அவர் கேள்வி. பக்கத்தில் நின்று நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். அறை திடீரென்று அமைதியானதை அம்பாளின் சாந்நித்தியம் என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாள் சுவிட்சைப் போட்டால் மெஷின் எழவில்லை. வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்த ஹார்டு டிஸ்க் ஒருமுறை நின்று குளிர்ந்துவிட்டால் மறுபடி சுற்றாமலே போகலாம் என்று பவித்ரா அன்றுதான் எங்களுக்கு விளக்கினார். இருந்த இரண்டில் ஒன்று போய்விட்டது. மற்றதை வைத்து மெஷினை எழுப்ப வாரக்கணக்கில் ஆயிற்று. இன்று எல்லாமே அந்த ஒன்றை நம்பித்தான் ஓடுகிறது.

6. அந்த வாரங்களில் ஒரு நாள் முசிறியிலிருந்து தேவதர்ஷினி என்ற பெண் பஸ் பிடித்து வந்து அறை வாசலில் நின்றார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கையில் போட்டித் தேர்வுப் புத்தகம். "மெஷினுக்கு உடம்பு சரியில்லைன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பவித்ரா உள்ளே டிஸ்க்கோடு போராடிக்கொண்டிருந்தார். செல்லக்கிளிதான் அந்தப் பெண்ணைப் படியில் உட்கார வைத்து, புத்தகத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். சாயங்காலம் வரை ஒன்றரைப் பக்கம் நகர்ந்தது. "அக்கா, நீங்க மெஷினை விட நல்லாப் படிக்கிறீங்க. ஆனா பரீட்சை இந்த வருஷமே வருது" என்று சொல்லி அவர் சிரித்தார். கூடச் சிரிக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தத் தேர்வில் அவர் தேறவில்லை.

7. வருகிற புதன்கிழமை அவருக்கு மறுபடி தேர்வு. சரஸ்வதி பூசைக்கு மற்ற வீடுகளில் புத்தகங்களை அடுக்கி வைத்து ஒரு நாள் தொடாமலிருப்பார்கள். தேவதர்ஷினியின் புத்தகங்களையோ நான்கு நாள் அடுக்கி, பூட்டி, அரக்கும் வைக்கப் போகிறோம். பூட்டைத் திறக்கும் காலையில் அவர் தேர்வு மையத்தில் இருப்பார்.

8. நாங்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பவித்ரா எங்கெங்கோ கேட்டு வேறொரு மெஷினை நன்கொடையாகப் பெற்று, ஆரிஃப் பாயின் அலுவலகத்தில் வைத்து, இங்குள்ள அனைத்தையும் அதற்கு மாற்றி வருகிறார். பழைய டிஸ்க்குக்கு நோகாமல் மெதுவாக நடக்கும் வேலை. செவ்வாய் மாலைதான் முடியும். நடுவில் நின்றால் பழையதும் போகும், புதியதும் அரைகுறையாகக் கிடக்கும். வேலை முடிந்த பிறகு தாங்கள் ஆண்டு முழுவதும் சுவிட்சை இறக்கி வைத்திருந்தாலும் என்னிடமிருந்து மனு வராது. நகைச்சுவை மன்ற அழைப்பிதழ் மட்டும் வரும்.

9. ஆகவே நான் வேண்டுவன:

அ) கட்டடத்தின் மற்ற இணைப்புகள் அனைத்தையும் துண்டித்து, மேல்மாடி அறையின் இணைப்பை மட்டும் செவ்வாய் மாலை வரை விட்டுவைக்க வேண்டும். அறைக்கு முத்திரை அதன் பிறகு வைக்கலாம்.

ஆ) அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் இல்லை என்பதைத் தாங்கள் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம். செல்லக்கிளி இவ்வாண்டு பொட்டுகூடக் கதவின் வெளிப்புறத்தில்தான் வைத்திருக்கிறார். "உள்ளாற நான் வரமாட்டேன் சாமி, போன வருஷம் பட்டதே போதும்" என்கிறார்.

இ) நான்கு நாளும் தீயணைப்பு சிலிண்டருடன் ஆரிஃப் பாயும் நானும் முறை வைத்து அறை வாசலில் இருப்போம். ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையொப்பமிடச் சம்மதம். நான் வீட்டில் இல்லாதது குறித்து என் மனைவி வேணிக்கு ஆட்சேபணை இல்லை. ஐந்தாவது நாளும் இருந்துவிட்டு வரலாமே என்று கேட்டிருக்கிறார்.

10. இப்போது மணி மூன்று. வீரமலை அரக்கு, நூல் சகிதம் முன்கூட்டியே வந்துவிட்டார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. "உத்தரவுன்னா உத்தரவுங்க. அஞ்சு மணி வரைக்கும் நான் டீ குடிச்சிட்டு இருக்கேன். ஒரு டீயை அதுக்கு மேல இழுக்க முடியாது, நீங்க கிளம்புங்க" என்று என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

11. கடைசியாக ஒரு விஷயத்தை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். சற்று முன் தேவதர்ஷினி போன் செய்தார். செல்லக்கிளி சொல்லி விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. அழவில்லை, கோபிக்கவுமில்லை. "சார், இன்னும் நாலு பாடம் பாக்கி. திங்கக்கிழமை மெஷின் இருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். "இருக்கும்மா, நீ படி" என்று சொல்லிவிட்டேன்.

அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, தங்களுக்குத்தான் உண்டு. தாங்கள் தர வேண்டிய வாக்கை நான் முந்திக்கொண்டு கொடுத்துவிட்டேன். மேடையில் நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை, ஒன்றுக்கும் வருந்தியதில்லை. இது ஒன்று மட்டும் பொய்யாகிவிடாமல், இம்மனுவின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தபாலில் அனுப்பவில்லை, நானே கொண்டுவந்திருக்கிறேன். அந்த ஒரு வரி கிடைக்கும் வரை தங்கள் அறை வாசலில் நிற்பேன்.

இணைப்பு: அறை ஒதுக்கீட்டு ஆணையின் நகல்.

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 16.10.2026

தங்கள் பதிலுக்காக வாசலில் நிற்கும்,
(ஒப்பம்) வெ. முருகானந்தம்