தெருவிழாவில் எடுத்த படம்

ஓகஸ்ட், ஞாயிறு இரவு

என்னோடு வேலை செய்யும் லிண்டாவை இன்று ஸ்காபரோவில் நடந்த தமிழர் தெருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். மிசிசாகாவிலிருந்து ஆசையாக வந்தாள். மேடையில் பைலாப் பாட்டுத் தொடங்கியதும், முன்னால் ஒரு மனிதர் வியர்வையில் சேட்டு நனைய, கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். என் கணவர்தான். பிறம்ரனில் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளப்போகிறேன் என்று சொன்னவர்.

லிண்டா சிரித்துச் சிரித்து வீடியோ எடுத்தாள். அந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

பாட்டு முடிந்ததும் அவர் எங்களைக் கண்டுவிட்டார். இரண்டு தட்டுக் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு நேரே வந்தார். நான் முகத்தைத் திருப்பினேன். ஒரு கணம் நின்றார். பிறகு, கடைக்காரரைப் போலத் தட்டுகளை லிண்டாவிடம் நீட்டி, "ஃப்ரீ சாம்பிள், மேடம்," என்றார். அவரோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்று லிண்டா கேட்டாள். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது நான். அவர் நன்றாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பிள்ளைக்குக் கொத்து உறைச்சதோ?"

"இல்லை, நல்லாச் சாப்பிட்டவ. இஞ்சேருங்கோ, நான்..."

"உம்மைத் தெரியாத மாதிரி நல்லா நடிச்சன், என்ன?"

ஓம் என்று மட்டும் சொன்னேன். அவர் இரவு வேலைக்குப் போய்விட்டார்.