ஆகாத போணி

1964, நவம்பர் 10, செவ்வாய்.

காலையில் நடந்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

மீன்காரி கங்கூ இன்றும் கூடையை முதலில் எங்கள் வாசலில்தான் இறக்கினாள். உம்மா கையால் போணி ஆனால் மீன் மிஞ்சாது என்பது அவள் நம்பிக்கை. அவள் புருஷன், தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆற்றில் வலை போட்டுப் பிடித்த மடவை, ஏழெட்டுதான் இருந்தது. உம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"ஏ கங்கூ, இது மீனா, ஊறப்போட்ட தோலா? சுண்ணாம்பு வாடை அடிக்கி!"

கங்கூ மராத்திக்காரி, தாராவித் தெருக்களில் விற்றே தமிழ் பழகியவள். சிரித்தாள். "உங்க வீட்டு சேட்டோட தோல் பட்டறைத் தண்ணிதாம்மா. ஆறும் அதைத்தான் குடிக்குது, மீனும் அதைத்தான் குடிக்குது."

உம்மா மீனைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வாங்குகிறேன் என்றேன்.

"பாவம்னு வாங்கினா போணி ஆகாது பாப்பா. வலையில ஒண்ணுமே ஏற மாட்டேங்குது. எங்க ஆளுக்குப் பட்டறையில ஒரு வேலை கொடுக்கச் சொல்லு."

சாயங்காலம் வாப்பாவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை. "வலை இழுத்த கை தோலும் இழுக்கும். நாளைக்கே வரச் சொல்லு." நல்ல மனதோடுதான் சொன்னார். பட்டறைத் தண்ணீரைப் பற்றியும் கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. என் புத்தகங்களும் அந்தப் பட்டறைக் காசில் வந்தவைதான்.

காலையில் கங்கூவிடம் சொல்ல வேண்டும். சந்தோஷப்படுவாள். புதிதாகச் சேருகிறவனுக்கு வாப்பா கொடுக்கிற முதல் வேலை, தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியைக் கழுவித் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுவது. அதையும் சேர்த்துச் சொல்வேனா என்று தெரியவில்லை.