அமாவாசை நாளின் எண்ணிக்கை

செஞ்சி
9.11.2025

அன்பு மகள் கலைச்செல்விக்கு அம்மா மங்கை எழுதுவது. நானும் நைனாவும் தம்பி பீமாராவும் சுகம், மழைக்குச் சமையற்கூடம் ஒழுகுவது தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. ஜெர்மனிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா. போனில் பேசினால் குறுக்கே பேசி என்னை மடக்கிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான், முழுசும் படித்துவிட்டு அப்புறம் பேசு.

போன வாரம் நீ கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. பிள்ளைகளின் வருகையும் படிப்பும் பற்றிய உன் ஆராய்ச்சிக்கு எடுத்த நம் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் தொண்ணூற்றாறு பிள்ளைகள், என் சத்துணவு நோட்டில் ஐம்பத்திரண்டு சாப்பாடு, இப்படி ஒன்பது நாள் இடிக்கிறது என்று சொல்லி, “நீ தப்பா எழுதிட்டியாம்மா” என்று கேட்டாய். இருபத்தைந்து வருஷமாகத் தட்டு எண்ணுகிறவளை நான் பெற்றவளே கேட்கிறாள். உங்கள் பேராசிரியர் அந்த ஒன்பது நாளும் பிழை, ஆராய்ச்சியிலிருந்து எடுத்துப் போடு என்கிறாராம், எதிர்த்துப் பேசினால் உன் பயிற்சியை அடுத்த வருஷத்துக்கு நீட்டிக்க மாட்டாரோ என்று உனக்குப் பயம். நீ அனுப்பிய தேதிகளைப் போன இரண்டு வருஷத்துக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதும் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் விற்க அப்பா அம்மாவோடு பிள்ளைகள் போய்விடுகிறார்கள், வாத்தியார்கள் பாவம் பார்த்து வருகை போட்டுவிடுகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு அமாவாசை தெரியாது, உனக்குமா மறந்துபோயிற்று.

முன்பிருந்த தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிற மாதிரி எழுதச் சொன்னார். “சாப்டாத புள்ளய எப்டி சார் சாப்ட்டதா எழுதறது, எனக்குக் கை வராது” என்று சொல்லிவிட்டேன். மாற்றல் வரும் என்று மிரட்டினார், வரட்டும் என்றேன். அவர் போய்விட்டார், நான் இங்கேதான் கரண்டியோடு நிற்கிறேன். அந்த நாள்களை நீ எடுத்துவிட்டால் இந்தப் பிள்ளைகள் தினமும் வந்தும் படிப்பு ஏறாத மண்டுகள் என்றுதானே உன் ஆராய்ச்சி சொல்லும். அதைச் சொல்லவா டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் இரண்டு வருஷம் பயிற்சி. பயிற்சி போனால் போகட்டும், வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. ஆனால் அவர் சொன்னார் என்று தலையாட்டிவிட்டு வராதே, எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ மூன்றாவது படித்த வருஷம் அமாவாசை தவறாமல் நைனாவோடு எலுமிச்சம்பழக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அந்த நாளெல்லாம் நீ வகுப்பில் இருக்கிறாய். நான் உன் தட்டைக் கழித்துத்தான் எழுதினேன், பெற்ற மகள் என்று ஒன்று கூட்டிப் போடவில்லை. நீ அன்றைக்கு வராததை இந்த ஊரில் என் நோட்டு ஒன்றுதான் சொல்லும், அதைப் போய்ப் பிழை என்கிறாயே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தலை நிமிர்ந்து பேசு. நல்லா இரு. அந்த ஒன்பது நாளை மறந்துவிடாதே.

உன் அம்மா,
மங்கை இராமச்சந்திரன்
சத்துணவு அமைப்பாளர்