பக்கம் பக்கமாக வாங்கிய கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? நான் சௌக்கியம்.

இங்கே ஒரு சின்ன சமாச்சாரம், பயப்பட ஒன்றுமில்லை. தன் தப்பை உங்கள் தலையில் கட்டி வேலையை விட்டுத் துரத்தினாரே, அந்தத் தலைமை சர்வேயர்தான் இரண்டு நாடுகளும் சேர்ந்து எல்லையை அளக்கும் இந்த வேலையில் எனக்கு மேலதிகாரி. உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. நான் யார் பிள்ளை என்று அவரும் கேட்டதில்லை.

போன வாரம் இரு நாட்டுக்காரர்களும் வரைபடத்தை விரித்தபோது, குன்றின் மேலுள்ள எல்லைக்கல் நாற்பது மீட்டர் தள்ளியிருந்தது. அவரே அளந்த இடம். கொஞ்சமும் கூசாமல் என்னைக் காட்டி, "இவன்தான் தப்பா எழுதியிருப்பான்" என்றார். அன்று உங்களைச் சொன்ன அதே வார்த்தை.

இதற்காகத்தான் ஏழு மாதம் காத்திருந்தேன். அவர் அளந்து சொல்ல நான் நோட்டில் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்தையும் பக்கத்து நாட்டுப் பொறியாளரம்மா கையெழுத்தையும் அன்றன்றே வாங்கியிருந்தேன். நோட்டை மேசையில் வைத்து, "எங்கப்பாகிட்ட இப்படி ஒரு நோட்டு இல்லாம போச்சு சார்" என்றேன்; உங்கள் பெயரையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனசு குளிர்ந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் அறையில் ஆளில்லை. அம்மாவின் பழைய போர்வை ஒன்று அனுப்புங்கள். உங்கள் கையால் நாலு வரியும் எழுதுங்கள்.

கிளம்பும்போது அவர், உங்களிடம் மன்னிப்புக் கேட்க விலாசம் வேண்டுமென்றார். கொடுக்கவில்லை. நீங்கள் சொன்னால் தருகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

ஜீப் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்